அணைஞ்ச பொறவு ஏன் தண்ணி ஏறுது?

வாசகர் கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 4 வருடமாக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் நான்தான். ஆய்வகம் என்று தனி அறை கிடையாது, ஹெச்.எம். அறையில் ஒரு பீரோ இருக்கிறது. போன மாதம் எட்டாம் வகுப்பில் மெழுகுவர்த்தி சோதனை செய்து காட்டினேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். தீ அணைந்தது, தண்ணீர் ஏறியது. "ஆக்சிஜன் செலவானது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எரியும்போதுதான ஆக்சிஜன் தீரும்? அணைஞ்ச பொறவு ஏன் தண்ணி ஏறுது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "போர்ஷன் முடிக்கணும், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பிலோ நான் நோட்ஸ் சொல்கிற மிஷின் ஆகிவிட்டேன். சோதனை, கேள்வி என்று போனால் ரிசல்ட் போய்விடும் என்கிறார்கள். அதெல்லாம் இல்லாமல் நான் எதற்கு அறிவியல் ஆசிரியை என்றும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பையனுக்குத்தான். உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

அவன் பார்த்தது நூற்றுக்கு நூறு சரி. நீங்களே இன்னொரு முறை வீட்டில் செய்து பாருங்கள். மெழுகுவர்த்தி எரிகிற வரைக்கும் தண்ணீர் பெரிதாக நகராது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் ஒன்றிரண்டு குமிழி வெளியேறுவதைக்கூடப் பார்க்கலாம். தீ சுருங்கி, புகை எழும்பி, அணையும். அப்புறம்தான் தண்ணீர் சரசரவென்று ஏறும். ஆக்சிஜன் செலவானதுதான் காரணம் என்றால் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். வகுப்பில் இத்தனை பேர் பார்த்தும், உண்மையில் கவனித்தவன் அவன் ஒருவன்தான்.

நடப்பது இதுதான். டம்ளரை மெதுவாக இறக்கும்போது தீயைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிகிறது. விரிந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. தீ அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்கிறது, நீராவி டம்ளரின் உட்புறத்தில் பனித்துப் படிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஏற்றத்தில் பெரும்பங்கு இந்தக் குளிர்ச்சியால் வருவது.

ஆக்சிஜன் கணக்கையும் பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே போட்டுவிடுவார்கள். மெழுகின் ஒரு மூலக்கூறை 25 கார்பன், 52 ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுதாக எரிய 38 மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். அதிலிருந்து 25 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் 26 மூலக்கூறு நீரும் வரும். நீர் குளிர்ந்து திரவமாகிவிடும், சரி. ஆனால் 38 போன இடத்தில் 25 வாயுவாகத் திரும்பி வந்துவிட்டதே! கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும் என்பீர்கள். கரையும்தான், ஆனால் இந்தச் சில வினாடிக்குள் அவ்வளவு கரையாது. போதாததற்கு, ஆக்சிஜன் முழுவதும் தீரும் வரை மெழுகுவர்த்தி காத்திருப்பதும் இல்லை. 21 சதவீதம் சுமார் 16க்கு இறங்கியதுமே தீ அணைந்துவிடும். ஆக, 100 பங்கு காற்றில் 5 பங்கு ஆக்சிஜன் செலவாகி, 3 பங்குக்கு மேல் வேறு வாயுவாகத் திரும்பிவிடுகிறது. நிகரமாகக் குறைவது 2 பங்குகூட இல்லை. உங்கள் டம்ளரில் தண்ணீர் அதைவிட எவ்வளவு உயரம் ஏறியது என்று நினைத்துப் பாருங்கள். "ஐந்தில் ஒரு பங்கு ஏறியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்" என்று நாம் காட்டுகிற பொருத்தம் தற்செயல். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல வருடம் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தச் சோதனை இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. பைசாந்தியத்து ஃபிலோ என்ற கிரேக்கர் இதைச் செய்து எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்ன விளக்கமும் தப்புதான்.

இனி திங்கட்கிழமை வகுப்புக்குப் போய் என்ன செய்வது? கரும்பலகையில் அந்தப் பையனின் கேள்வியை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "பொறவு" என்றே எழுதுங்கள், "பிறகு" என்று திருத்த வேண்டாம். "அன்றைக்கு நான் சொன்னது முழுக்க சரியில்லை. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள். இரண்டு சோதனை போதும்.

முதல் சோதனை: ஒரே டம்ளர், ஒரே அளவு தண்ணீர். ஒரு மெழுகுவர்த்தியோடு ஒரு முறை, மூன்று மெழுகுவர்த்தியோடு ஒரு முறை. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் இரண்டு முறையும் ஒன்றுதான். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் தண்ணீர் ஒரே உயரம் ஏற வேண்டும். செய்து பாருங்கள், மூன்று மெழுகுவர்த்திக்கு நன்றாகக் கூடுதலாக ஏறும்.

இரண்டாவது சோதனைக்குத் தீயே வேண்டாம், நம்மூர் வெயில் போதும். வாய் குறுகலான காலி கண்ணாடி பாட்டிலை முற்றத்தில் அரை மணி நேரம் காய வையுங்கள். துணியால் பிடித்துக் கவிழ்த்து, வாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, நிழலுக்குக் கொண்டு வந்து, ஈரத்துணியை மேலே போர்த்துங்கள். கழுத்து வழியாகத் தண்ணீர் ஏறும். இங்கே எரிந்தது எது? செலவான ஆக்சிஜன் எங்கே? வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை அனுபவித்தவர்கள் அப்புறம் நோட்ஸ் சொல்கிற மிஷினாகத் திரும்ப முடியாது.

"நான் சொன்னது தப்பு" என்று ஆசிரியர் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. முந்தின நாளே பிள்ளைகளைத் தயார் செய்தேன். அதிகாரி கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும்; பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. அதிகாரி கேட்டார், 40 கையும் எழுந்தது. நான் வலது கை ஒன்றைப் பார்த்து எழுப்பினேன். பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போனார். சாயங்காலம் ஒரு சிறு பையன் வந்து, "சார், நாளைக்கும் எடது கைய தூக்கணுமா?" என்றான். அந்த இடது கைகள்தான் என் வகுப்பு என்று எனக்குப் புரிய இன்னும் பத்து வருடம் ஆனது. பிள்ளைகளுக்கு என்ன தெரியவில்லை என்பதை மறைப்பதற்கு நாம் செலவழிக்கிற உழைப்பில் பாதியை அதைத் தெரிந்துகொள்வதற்குச் செலவழித்தால் போதும்.

சோதனையா ரிசல்ட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 32 வருடம் இதே மாவட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்த்து, அப்புறம் பயிற்சி வகுப்புகளில் கருத்தாளராகவும் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சோதனை செய்கிற வகுப்பெல்லாம் நல்ல வகுப்பு ஆகிவிடாது. நீங்கள் அன்றைக்குச் சோதனை செய்தீர்கள்தானே? ஆனால் பிள்ளைகளுக்கு அது கண்காட்சி. என்ன நடக்கும் என்று நீங்கள் முன்பே முடிவு செய்துவிட்டீர்கள், அவர்கள் பார்த்தார்கள், நீங்கள் விளக்கம் சொன்னீர்கள். வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். தீக்குச்சியைக் கிழிக்கும் முன் கேளுங்கள்: "என்ன நடக்கும்? எப்போது நடக்கும்? ஏன்?" எல்லோரும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும். அதற்கப்புறம் செய்யுங்கள். அதற்கும் அப்புறம்தான் விளக்கம், அதையும் முதலில் அவர்களே சொல்லட்டும். தன் ஊகத்தை எழுதிவிட்ட பிள்ளை சும்மா பார்க்காது. கிரிக்கெட்டில் யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டியவன் மேட்ச் பார்ப்பதற்கும் கட்டாதவன் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பத்தாம் வகுப்புக்கு ஓர் உதாரணம். மின்னோட்டப் பாடம். பேட்டரி, பல்பு, அம்மீட்டர். பல்புக்கு முன்னால் அம்மீட்டர் 0.3 ஆம்பியர் காட்டுகிறது. பல்பைத் தாண்டி வைத்தால் எவ்வளவு காட்டும்? குறைவாகவா, அதே அளவா, கூடுதலாகவா? ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காட்டட்டும்; இல்லாவிட்டால் முதல் பெஞ்ச் பிள்ளையின் விரலைப் பார்த்து வகுப்பே மாறிவிடும். ஓம் விதிக் கணக்கு அத்தனையும் சரியாகப் போடுகிற பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு மேல் "குறைவு" என்றுதான் காட்டுவார்கள். பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது என்று அவர்கள் மனதில் இருக்கிறது. வீட்டில் "கரண்ட் நிறைய செலவாகுது" என்றுதானே பேசுகிறோம்! கணக்கு சரியாகப் போடுவதால் இந்த எண்ணம் வெளியே தெரியாது. பிளஸ் ஒன் போன பிறகுதான் இடறும்.

விரல்களைப் பார்த்ததும் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 2 நிமிடம் வாதாடச் சொல்லுங்கள், சத்தம் வரட்டும். பிறகு அம்மீட்டரை இடம் மாற்றிக் காட்டுங்கள். அதே 0.3. அப்போது பாபநாசத்துக்குப் போங்கள். அணைத் தண்ணீர் கீழே இறங்கி மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. சுற்றிவிட்டு வந்த தண்ணீர் குறைந்துவிடுகிறதா? அதே தண்ணீர்தான் தாமிரபரணியில் ஓடி வந்து சேரன்மகாதேவியில் வயலுக்குப் பாய்கிறது. குறைந்தது தண்ணீரின் உயரம். மின்சுற்றிலும் ஓட்டம் குறைவதில்லை, மின்னழுத்தம்தான் இறங்குகிறது. உங்கள் பிள்ளைகள் அந்த வாய்க்காலில் குளிக்கிறவர்கள். இதைவிடச் சொந்தமான உதாரணம் எந்த கைடிலும் கிடைக்காது.

அடுத்தது, காத்திருப்பது. கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் பொறுக்கிறோம் தெரியுமா? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். மூன்றே வினாடி! வகுப்பில் நின்று பார்த்தால் அது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும், கை பரபரக்கும். நான் ஜன்னல் பக்கம் போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பதில் வந்ததும் "வெரி குட்" சொல்லிவிடுகிற பழக்கத்தையும் விடுங்கள். நீங்கள் "வெரி குட்" சொன்ன நிமிடத்தில் மற்ற 41 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். "சரி, வேற யாரு?" என்பது போதும். தப்பான பதிலுக்கும் அதே குரல், அதே "சரி, வேற யாரு?"

கலைச்சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லணும். நாம் பாடத்தைப் பெயரில் தொடங்குகிறோம். "ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்றால்..." என்று ஆரம்பித்து, வரையறை எழுத வைத்து, கடைசியில் "உதாரணம்: மண்பானை" என்று முடிக்கிறோம். கல்யாணத்தில் தாம்பூலப் பையை முதலில் கொடுத்து அனுப்புகிற மாதிரி. பானையில் ஆரம்பியுங்கள். காருகுறிச்சி உங்களுக்குப் பக்கம்தானே, மண்பாண்டம் செய்கிற ஊர். ஒரு சின்ன மண்பானை, ஓர் எவர்சில்வர் செம்பு. இரண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீர். முதல் பீரியடில் வராண்டாவில் வைத்து வெப்பநிலை குறியுங்கள், கடைசி பீரியடில் மறுபடி குறியுங்கள். பானை குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதில் புதுமை இல்லை. கேள்வியை இப்படிக் கேளுங்கள்: ஆடிக் காற்றில் அதிகம் குளிருமா, ஐப்பசி அடைமழையில் அதிகம் குளிருமா? "மழைன்னா குளிர்ச்சி" என்று பலரும் ஐப்பசியைச் சொல்வார்கள். இரண்டு மாதத்திலும் அளந்து வையுங்கள். ஐப்பசியில் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருப்பதால் பானையின் மேல் தண்ணீர் ஆவியாக மாட்டாமல் திணறும். செம்புக்கும் பானைக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். இதையெல்லாம் பார்த்த பிறகு, தண்ணீர் ஆவியாகும்போது இழுத்துக்கொள்கிற வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் வழியில் படிப்பதால் பிள்ளைகளுக்கு ஒரு லாபமும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. ஒளிவிலகல், ஒளிச்சேர்க்கை போன்ற சொற்கள் தம் பொருளைத் தாமே சொல்லிவிடும். சிக்கல், வீட்டுச் சொல்லும் பாடச் சொல்லும் ஒன்றாக இருக்கிற இடத்தில். "வேலை" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஜங்ஷனில் ஓர் அண்ணாச்சி 50 கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்துச் சமதளத்தில் நடக்கிறார். மூட்டையின் மேல் அவர் மேல்நோக்கிக் கொடுக்கிற விசை செய்த வேலை பூஜ்யம் என்று ஒரு முறை சொன்னேன். ஒருத்தன் எழுந்து, "அப்போ கூலி எதுக்கு சார்?" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவன் கேட்டது நியாயம். தசைக்குள் ஆற்றல் செலவாகிறது, வியர்க்கிறது. மூட்டைக்கு மட்டும் அந்த விசையால் ஆற்றல் கூடவில்லை, விசை மேலே, நகர்வு பக்கவாட்டில். இதைப் பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு பீரியட் முழுக்க ஆனது. எடைக்கும் நிறைக்கும் இதே தகராறுதான். பலசரக்குக் கடையில் "எடை போடு" என்று சொல்லிக் கிலோவில் வாங்குகிறோம், வகுப்பில் எடைக்கு அலகு நியூட்டன் என்கிறோம். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? இந்த மாதிரிச் சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "வீட்டில் – வகுப்பில்" என்று இரண்டு பத்தி போட்டு எழுத வைத்தேன். உபயோகமாக இருந்தது.

இனி ரிசல்ட். ஹெச்.எம். கேட்பதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவரை மேலே கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் பகுதிகளில் மனப்பாடம் உதவத்தான் செய்யும். மனப்பாடம் கெட்ட வார்த்தை இல்லை, டீச்சர். தனிமக் குறியீடுகள், இணைதிறன், அலகுகள் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி நாக்கில் இருக்க வேண்டும். அதற்கு யோசிக்க வைக்கிற கேள்வி எதுவும் தேவையில்லை, ஸ்லிப் டெஸ்ட் போதும். தனிம வரிசை அட்டவணையை "கண்டுபிடிக்க வைக்கிறேன்" என்று மூன்று நாள் செலவழித்த ஓர் இளம் ஆசிரியரைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவருக்கும் சோர்வு, பிள்ளைகளுக்கும் சோர்வு. ஆனால் "கூற்று, காரணம்" கேள்வியிலும், "ஏன்" என்று கேட்கிற நான்கு மதிப்பெண் கேள்வியிலும் மனப்பாடம் கைவிட்டுவிடும். பிள்ளைகள் வெள்ளைத்தாளாக விட்டு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

அதனால் எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பீரியட். ஜூனில் தொடங்கி அரையாண்டு வரை. ஜனவரிக்கு மேல் திருப்புதல் தேர்வு வந்துவிடும். அப்போது நீங்கள் புதுமை செய்ய நினைத்தாலும் பள்ளிக்கூடம் விடாது, பிள்ளைகளும் விட மாட்டார்கள். எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது? போன வருட அரையாண்டு விடைத்தாள் கட்டு உங்கள் பீரோவில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்தக் கேள்வியில் பாதி வகுப்பு ஒரே மாதிரித் தப்பு செய்திருக்கிறதோ அங்கே ஆரம்பியுங்கள். எல்லோரும் ஒரே தப்பைச் செய்தால் அது கவனக்குறைவால் வந்தது இல்லை. அவர்களிடம் வேறு ஒரு விளக்கம் இருக்கிறது, உங்கள் விளக்கம் அதை அசைக்கவில்லை.

மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்பில்தான் இது அதிகம் பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். பகலில் ஒரு முறை புரியாததை மாலையில் பத்து முறை எழுத வைக்கிறோம். அதற்குப் பதிலாக ஒரு பதிலை வேண்டுமென்றே தப்பாக எழுதிக் கொடுத்து, "இதுக்கு எத்தனை மார்க் போடுவே? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். திருத்துகிற நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்களுக்கு வருகிற கண்டிப்பு இருக்கிறதே!

செய்முறை 25 மதிப்பெண்ணைப் பற்றி மனம் வருந்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தால் குவிலென்சின் குவியத் தொலைவு 42 பேருக்கும் ஒன்றுதான், தசமப் புள்ளி உட்பட. அண்ணன் நோட்டிலிருந்து தம்பிக்கு, தம்பியிலிருந்து பக்கத்து வீட்டுக்கு. அளக்காமலே எழுதுவதற்குப் பத்தாம் வகுப்பிலேயே பயிற்சி கொடுத்துவிடுகிறோம். ஒரே ஒரு சோதனையிலாவது இதை உடையுங்கள். லென்சும் ஸ்கேலும் போதும். வெளியே இருக்கிற மரத்தின் பிம்பம் வகுப்புச் சுவரில் தலைகீழாக விழட்டும். லென்சுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை 42 பேரும் தனித்தனியாக அளந்து, வருகிற எண்ணைக் கரும்பலகையில் வரிசையாக எழுதட்டும். ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். "இதில் எது சரி டீச்சர்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாகச் சராசரியையும் பிழையையும் பற்றி நீங்கள் பேசுகிற பத்து நிமிடம், அந்த ரெக்கார்டு நோட்டு முழுவதற்கும் சமம்.

ஆய்வகம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். குறைதான். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி ஆறுதல்படுத்த மாட்டேன், ஹெச்.எம். மூலம் தொடர்ந்து கேளுங்கள். அதுவரைக்கும் சமையலறையில் எடுக்கலாம். ஆரத்தித் தண்ணீர் இருக்கிறதே, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறது. அதில் எலுமிச்சையைப் பிழிந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வருடத்துக்கு நாலு தடவை ஆரத்தி பார்க்கிற பிள்ளைகளும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். சாறு விழ விழ மறுபடி மஞ்சளாகும். நிறங்காட்டி பாடம் முடிந்தது, லிட்மஸ் தாள் மிச்சம். அப்படியே பதநீருக்குப் போகலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஏன்? காரத்தன்மையில் ஈஸ்ட்டின் வேலை நடக்காது, சர்க்கரை ஆல்கஹாலாக மாறாது. திசையன்விளைப் பக்கம் பனையேறுகிற வீட்டுப் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருந்தால் அன்றைக்கு அதுதான் ஆசிரியர். எவ்வளவு தடவ வேண்டும், கூடினால் ருசி என்ன ஆகும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாததைச் சொல்லும். ஆனால் ஒரு ஜாக்கிரதை: "உங்க அப்பா பனையேறியாமே" என்று நீங்களே போட்டு உடைக்காதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னால் சொல்லட்டும். இந்த ஊரில் தொழிலின் பெயரோடு என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகஸ்டு 31 வாக்கில் இன்னொரு சும்மா கிடைக்கிற சோதனை. திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஆகஸ்டு கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் தேர்வு மும்முரம், ஆகஸ்டுதான் தோது. மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டுவிட்டு, "12 மணிக்கு நிழல் மறையுமா?" என்று கேளுங்கள். மறையாது. 12.20 சுமாருக்குத்தான் மறையும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே 77.7இல் இருக்கிறோம், ஒரு பாகைக்கு 4 நிமிடம். "அப்போ நம்ம ஊர் கடிகாரம் தப்பா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அந்த வருடம் வீண் போகவில்லை. கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் இப்படி ஒரு கேள்வியோடு போங்கள். கேள்வி இல்லாமல் போனால் அது பிக்னிக், திரும்பும்போது அல்வாக் கடை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

சக ஆசிரியர்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். "புதுசு, கொஞ்ச நாள் துள்ளட்டும்" என்பார்கள். வாதாட வேண்டாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு வகுப்பு எடுங்கள். சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிற ஒருவர் போதும். எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளப் பதிவு, அந்தப் பட்டியல், இந்தப் பட்டியல் என்று உங்கள் நேரம் எங்கே போகிறது என்றும் எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கடைசியாக அந்தப் பையன். எல்லோர் முன்னாலும் "இவன்தான் நம்ம விஞ்ஞானி" என்று தூக்கி நிறுத்தாதீர்கள். கடைசி பெஞ்சில் இருக்கிறவனுக்கு அது தண்டனை மாதிரிதான், மற்ற பையன்கள் ஒரு மாதம் ஓட்டுவார்கள். மூன்று மெழுகுவர்த்தி சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், பீரோவைத் திறந்து சாமான் எடுக்க ஒரு கை வேண்டும் என்று அவனைக் கூப்பிடுங்கள். "நீ கேட்டதுக்கு எனக்கு அன்னைக்கு பதில் தெரியல. நாளைக்குச் செஞ்சு பாக்கப் போறோம், இப்ப ஒரு தடவ ஒத்திகை" என்று சொன்னால் போதும். மெழுகுவர்த்தி மூன்றும் ஒரே உயரமாக இருக்கட்டும், தட்டில் அடியோடு நன்றாக ஒட்டி வையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் குங்குமம் கரைத்தால் பின் பெஞ்சுக்கும் தெரியும். டம்ளரின் வெளியே ஒரு வெள்ளைத்தாள் பட்டை ஒட்டி, தண்ணீர் ஏறின உயரத்தைப் பேனாவால் குறிக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். குறித்துக்கொண்டிருக்கும்போது வேறு ஏதாவது கேட்பான். அது என்ன கேள்வி என்று எனக்கு எழுதுங்கள்.